எலி கடித்த மாருதி 800 வயரிங்கை வீட்டிலேயே சரிசெய்யலாமா?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. வண்டி 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வகை. மழைக்காலத்தில் சில வாரங்கள் எடுக்காமல் போர்டிகோவிலேயே நின்றிருக்கிறது. போனட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் எலிக்கூடு, அதைச் சுற்றிக் கடித்துப் போட்ட வயர்கள். இடது ஹெட்லைட் எரியவில்லை, ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை, ஹாரன் ஃபியூஸ் போட்டதும் போய்விடுகிறது. மெக்கானிக் "வயரிங் செட்டையே மாத்திடலாம் சார்" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் "டேப்பைச் சுத்திட்டுப் போய்க்கிட்டே இருங்க" என்கிறார். உங்களிடம் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் இருக்கின்றன, நீங்களே செய்யலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் பயம் கடைசி வரியில்தான் இருக்கிறது: நானே ஒட்டுப் போட்ட வயரால் வண்டி தீப்பிடித்துவிடுமா?

செய்யலாம். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையிலேயே காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் வண்டி இந்த வேலையைக் கற்றுக்கொள்ள நல்ல வண்டி. எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் அதில் கிடையாது, ஏர்பேக் கிடையாது. ஹெட்லைட், ஹாரன், ஃபேன் எல்லாமே பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், எர்த் (பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) என்று நேராகப் போகிற சர்க்யூட்டுகள். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு யோசனைகளிலும் எனக்கு உடன்பாடு இல்லை. பத்துப் பன்னிரண்டு வயருக்காக முழு செட்டையும் மாற்ற வேண்டியதில்லை. அதே சமயம், முறுக்கி டேப் சுற்றுவதுதான் நீங்கள் பயப்படுகிற தீக்கு நேர் வழி.

காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஃபியூஸ் இருக்கிறதே, பிரச்சினை வந்தால் அது போய்விடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாசிட்டிவ் வயர் பாடியில் பட்டு ஷார்ட் ஆனால் கரண்ட் எகிறும், ஃபியூஸ் போகும், சரி. ஆனால் சரியில்லாத ஒட்டில் கரண்ட் கூடுவதில்லை, குறைகிறது. ஒரு ஹெட்லைட்டின் டிம் 55 வாட், 12 வோல்ட்டில் சுமார் 4.5 ஆம்பியர் எடுக்கும். வழியில் கையால் முறுக்கிய ஒட்டு ஒன்று ஈரத்தில் பச்சை பிடித்து அரை ஓம் தடையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் 4 ஆம்பியருக்கு இறங்கும். அந்த ஒட்டில் மட்டும் 8 வாட் சூடு உண்டாகும், அதாவது 25 வாட் சால்டரிங் அயர்னில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதை பிவிசி டேப்புக்குள் பொதித்து, மற்ற வயர்களோடு சேர்த்துக் கட்டியும் வைத்திருக்கிறோம். ஃபியூசுக்கு இது தெரியவே தெரியாது. லைட் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற அறிகுறி. பழைய வண்டிகளில் உருகிப்போன வயர் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே யாரோ எப்போதோ முறுக்கிவிட்டுப் போன ஒட்டுதான் அடிக்கடி கிடைக்கும். எலியைவிட, கூடுதல் ஹாரனும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டியவர்கள் செய்த சேதம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இதே காரணத்தால்தான் முழுசாக அறுந்த வயரைக் கண்டு நான் கவலைப்படுவதில்லை. அது வேலை செய்யவில்லை என்று தானே சொல்லிவிடும். பாதி கடித்து விட்ட வயர்தான் ஏமாற்றும். உங்கள் வண்டியில் ஹெட்லைட் போன்றவற்றுக்குப் போகிற வயருக்குள் பதினைந்து இருபது மெல்லிய செம்பு இழைகள் இருக்கும். எலி அதில் இரண்டை மட்டும் மிச்சம் வைத்திருந்தாலும் மல்டிமீட்டரை கன்டினியுட்டியில் (வயர் தொடர்கிறதா என்று பார்க்கும் நிலையில்) வைத்தால் 'பீப்' அடிக்கும், ஏனென்றால் மீட்டர் அனுப்புவது மில்லியம்பியர் கணக்கில்தான். நாலைந்து ஆம்பியர் போகும்போது அந்த இரண்டு இழை சூடாகி, கடைசியில் ஏதாவது ஒரு மேடுபள்ளத்தில் அறுந்துவிடும். அதனால் பீப் சத்தத்தை நம்பி எந்த வயரையும் 'நல்லது' கணக்கில் சேர்க்காதீர்கள். வயரின் தோலில், அதாவது மேல் உறையில், பல் தடம் இருந்தாலே அந்த இடத்தில் வளைத்து, பிரித்து, செம்பைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். தோல் மட்டும் போய் எல்லா இழையும் முழுசாக இருந்தால் வெட்ட வேண்டாம். சூடு காட்டினால் சுருங்கி இறுகும், பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை நுழைக்க முடிந்தால் அதைப் போடுங்கள், முடியாவிட்டால் நல்ல டேப்பை நெருக்கமாகச் சுற்றி மேலே வயர் குழாய் போடலாம்.

வேலையைத் தொடங்கும்போது முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், வேலை முடிந்து கடைசியாக அதை மாட்டுங்கள். வரிசை மாறக் கூடாது. பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால், செல்ஃப் மோட்டாரையே சுற்றுகிற கரண்ட் அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும். அப்புறம் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் வழியாகத்தான் பரவுகிறது, கையில் சின்னச் சிராய்ப்பு இருந்தால் போதும். கூட்டை உலர்ந்தபடியே தூசி பறக்கக் கூட்டாதீர்கள். பிளீச்சிங் கரைசலைத் தெளித்து நனைத்து, கொஞ்ச நேரம் விட்டு அள்ளி எடுங்கள். கரைசல் வயர் முனைகளிலும் கனெக்டர்களிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது செம்பை அரிக்கும். சுத்தம் செய்ததும் எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து வையுங்கள். அறுந்த முனைகளில் மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டி எண் போடுங்கள்.

எந்த முனை எதனுடன் சேரும் என்பதற்கு நிறம்தான் வழிகாட்டி, அடிநிறமும் அதன் மேல் ஓடும் மெல்லிய கோடும் சேர்த்து. வெளியே வெளுத்துப்போயிருந்தால் கட்டின் மேல் டேப்பை இரண்டு அங்குலம் பிரியுங்கள், உள்ளே வெயிலும் எண்ணெயும் படாத இடத்தில் அசல் நிறம் இருக்கும். ஒரே நிறத்தில் இரண்டு வயர் அறுந்திருந்தால் ஊகிக்க வேண்டாம். இரண்டு பக்கக் கனெக்டர்களையும் கழற்றிவிட்டு முனைக்கு முனை மீட்டர் வைத்துப் பாருங்கள். வழியைக் கண்டுபிடிக்க மட்டும் பீப் போதுமானது.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிற ஹாரன் சர்க்யூட்டுக்கு வருகிறேன். ஷார்ட்டைத் தேடுகிறேன் என்று ஃபியூஸாகப் போட்டுக் காலி செய்யாதீர்கள். பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவதும், போன ஃபியூஸில் கம்பி சுற்றுவதும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. ஃபியூஸ் காப்பாற்றுவது ஹாரனை அல்ல, வயரை. 15 ஆம்பியர் நீலம் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் பச்சையைப் போட்டால், அடுத்த ஷார்ட்டில் ஃபியூஸுக்குப் பதில் வயர் உருகும். பட்டறையில் நாங்கள் செய்வது இது. 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, இரண்டு வயர் இழுத்து, ஃபியூஸ் இருக்க வேண்டிய இரண்டு முனைகளில் மாட்டுகிறோம். பிறகு பேட்டரியை இணைக்கிறோம். அந்த சர்க்யூட்டில் ஹாரன் போன்ற எதையும் இயக்காதபோதே பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் அங்கே ஷார்ட் இருக்கிறது. எவ்வளவு மோசமான ஷார்ட்டாக இருந்தாலும் பல்பு வழியாகப் போவது 2 ஆம்பியருக்கும் குறைவு, அதனால் நிதானமாகத் தேடலாம். வயர் கட்டை அங்கங்கே அசைத்துப் பாருங்கள், கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ அங்கே இருக்கிறது கோளாறு. உங்கள் விஷயத்தில், தோல் போன வயர் பேட்டரி ட்ரேயின் இரும்பு விளிம்பில் உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நான் முதலில் கை வைக்கிற இடம் அதுதான்.

இப்போது ஒட்டுப் போடுகிற விஷயம். கிரிம்ப் (உலோக ஸ்லீவில் நுழைத்துக் கருவியால் அழுத்துவது) நல்லதா சால்டர் (ஈயத்தை உருக்கி ஒட்டுவது) நல்லதா என்று சண்டை ஓய்ந்தபாடில்லை. கார் கம்பெனிகள் வயரிங் கட்டும்போது பெரும்பாலும் கிரிம்ப்தான் செய்கின்றன, அதற்குக் காரணம் இருக்கிறது. சால்டர் இழைகளுக்குள் ஊறிப் போய் வயரைக் கம்பிபோல் விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடிகிற இடத்தில் எஞ்சின் அதிர்வில் வயர் ஒடியும். இது உண்மை. ஆனால் அந்தக் கம்பெனி கிரிம்ப் அளவுக்கேற்ற கருவியில் அழுத்தியது. கட்டிங் பிளையரால் நசுக்கிய கிரிம்ப்பைவிட ஒழுங்காக வைத்த சால்டர் எவ்வளவோ மேல். ராட்செட் வைத்த கிரிம்ப் கருவி உங்களிடம் இருந்தால் செம்பு ஸ்லீவ் வைத்துக் கிரிம்ப் செய்யுங்கள். இல்லையென்றால், இருக்கிற சால்டரிங் அயர்னே போதும், இரண்டு பக்கமும் ஒட்டு ஆடாமல் கட்டி வைத்தால் ஒடிகிற பயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வயரை வெட்டாமலே மேலே குத்தி மாட்டுகிற பிளாஸ்டிக் கிளிப்புகளை மட்டும் எஞ்சின் பக்கம் கொண்டுவராதீர்கள்.

சால்டர் வைப்பதில் கவனிக்க வேண்டியது முதலில் செம்பின் நிறம். தோலை உரித்ததும் செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் அதில் சால்டர் ஒட்டாது, உருண்டு விழும். பளபளப்பான செம்பு வருகிற வரை பின்னால் வெட்டிக்கொண்டே போங்கள், குறைகிற நீளத்துக்குப் புது வயர்த் துண்டு சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயர் வேண்டாம். ஒற்றைக் கம்பி என்றால் அதிர்வில் ஒடியும், மல்டி ஸ்ட்ராண்ட் என்றாலும் எஞ்சின் சூட்டுக்கும் எண்ணெய்க்கும் செய்யப்பட்டதல்ல. ஆட்டோ வயர் என்று கேட்டு வாங்குங்கள். பழைய வயரின் செம்பு கனத்துக்குச் சமமாகவோ ஒரு படி கூடவோ இருக்கட்டும், குறையக் கூடாது. தோலின் தடிமனைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், மலிவான வயரில் தோல் தடியாகவும் செம்பு கொஞ்சமாகவும் இருக்கும். சென்னையில் இருந்தால் வயரும் கனெக்டரும் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும், ஹீட் ஷ்ரிங்க், சால்டர், மீட்டர் எல்லாம் ரிட்சி தெருவில்.

முதலில் ஸ்லீவை வயரில் நுழைத்து, சால்டரிங் சூடு எட்டாத தூரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு அப்புறம்தான் ஒட்டு. இதை மறக்காதவர் யாருமில்லை. இரண்டு முனையையும் ஒன்றரை சென்டிமீட்டர் உரித்து, குறுக்காக வைத்து, ஒவ்வொரு முனையையும் மற்றதன் மேல் இறுக்கமாகச் சுற்றுங்கள். இழுத்தால் கழலாத அளவுக்கு முறுக்கே பிடித்திருக்க வேண்டும், சால்டர் அதற்கு மேல்தான். அயர்னால் வயரைச் சூடாக்கி, சால்டரை வயரில் வையுங்கள். அயர்ன் முனையில் உருக்கி மேலே சொட்டவிட்டால் பார்க்க ஒட்டினது போல இருக்கும், உள்ளே காற்று. சரியாக வைத்த ஒட்டில் சால்டர் உள்ளே ஊறி, மேலே இழைகளின் வரிகள் தெரியும். எலக்ட்ரானிக்ஸுக்கான, ரோசின் (ஒட்ட உதவும் பிசின்) உள்ள 60/40 சால்டர் வாங்குங்கள். தகர வேலைக்கான ஆசிட் எந்த வடிவிலும் வேண்டாம், அது மிஞ்சி நின்று செம்பைத் தின்றுவிடும். தடித்த வயருக்கு 25 வாட் அயர்ன் திணறும், 60 வாட் இருந்தால் நல்லது. ஸ்லீவைச் சுருக்கும்போது இரண்டு ஓரத்திலும் பசை லேசாகப் பிதுங்கி வந்தால் தண்ணீர் உள்ளே போகாது. பக்கத்துப் பக்கத்து வயர்களின் ஒட்டுகள் ஒரே இடத்தில் வராதபடி ஒவ்வொன்றையும் ஓரிரு அங்குலம் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் கட்டு அந்த இடத்தில் புடைத்துக்கொள்ளும், ஒரு ஸ்லீவ் கிழிந்தாலும் இரண்டு ஒட்டு உரசும்.

ஒட்டு நன்றாக இருக்கிறதா என்பதை லைட்டை எரியவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். ஸ்லீவைச் சுருக்குவதற்கு முன்னால், பேட்டரியை இணைத்து, மற்ற ஒட்டுகள் எதிலும் படாமல் விலக்கி வைத்துவிட்டு, ஹெட்லைட்டைப் போடுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை ஒட்டுக்கு இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் தொடுங்கள். நல்ல ஒட்டில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். 0.1 வோல்ட் வந்தாலே நான் அதை வெட்டி மறுபடி போடுவேன். இதே வழியில் எர்த்தையும் பாருங்கள்: லைட் எரியும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் ஹெட்லைட் ஹோல்டரின் எர்த் முனைக்கும் நடுவில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கோளாறு எலி கடித்த இடத்தில் இல்லை, எர்த் போல்ட்டில். இத்தனை வயதான வண்டியில் இது சாதாரணம். போல்ட்டைக் கழற்றி, லக்கையும் (வயர் முனையில் உள்ள வளையம்) அடியில் உள்ள பாடியையும் உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து துடிக்கிறது, பிரேக் மிதித்தால் மற்ற பல்புகள் மங்கலாக எரிகின்றன என்பது போன்ற பேய்க் கோளாறுகளில் பாதி இதோடு போய்விடும்.

ரேடியேட்டர் ஃபேன் சரியாகும் வரை வண்டியை டிராஃபிக்கில் எடுக்காதீர்கள், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி ஹெட் கேஸ்கட் போனால் வயரிங் செலவெல்லாம் ஒன்றுமேயில்லை என்றாகிவிடும். எஞ்சின் சூடானதும் ஃபேனைப் போடுகிற தெர்மோ சுவிட்சின் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தால், சாவி ஆனில் இருக்கும்போது ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் வயரும் மோட்டாரும் சரி, சுவிட்சைப் பாருங்கள். விரலைத் தள்ளி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எலி ஏன் வயரைக் கடிக்கிறது, எப்படித் தடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்கின்றன, கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இதில் சந்தேகமில்லை. புது வண்டிகளில் சோயாவிலிருந்து எடுத்த பொருளைத் தோலில் சேர்ப்பதால்தான் கடிக்கிறது என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. அமெரிக்காவில் இதை வைத்து வழக்குகள்கூடப் போட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு, பழைய பிவிசி வயரையும் எலிகள் அதே ருசியோடுதான் கடித்திருக்கின்றன, உங்கள் வண்டியே சாட்சி. புகையிலை, பாச்சை உருண்டை, ஸ்பிரே எல்லாம் மணம் இருக்கிற வரை கொஞ்சம் உதவலாம். மிளகாயின் காரத்தைச் சேர்த்த டேப் ஒன்றை ஹோண்டா விற்கிறது, அதைச் சுற்றினால் பலன் இருக்க வாய்ப்புண்டு, ஆனால் எல்லா எலியும் அதற்கு அடங்கும் என்று சொல்ல முடியாது. நான் நம்புவது வண்டியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எடுப்பதையும், போர்டிகோவில் அரிசி மூட்டை, நாய்ச் சாப்பாடு போன்றவை இல்லாமல் பார்த்துக்கொள்வதையும்தான்.

நீங்கள் கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. பிளக் வயர்கள் மூன்றில் எதையாவது கடித்திருந்தால் ஒட்டாதீர்கள், மாற்றுங்கள், அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் போகிறது, எந்த டேப்பும் தாங்காது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து கிளம்பும் மெயின் ஃபியூஸ் அல்லது ஃபியூசிபிள் லிங்க் (கரண்ட் எகிறினால் தானே உருகி அறும் வயர்) போயிருந்தால் அதே மாதிரிதான் வாங்கிப் போட வேண்டும், சாதாரண வயர் போட்டால் வண்டி முழுசுக்கும் காவல் இல்லாமல் போய்விடும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: உங்களுடையது 2000-க்குப் பிந்தைய எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும்) வண்டி என்றால் சென்சார் வயர்களில் இவ்வளவு தாராளமாக ஒட்டுப் போட வேண்டாம், ஏர்பேக் உள்ள வண்டியில் மஞ்சள் உறை போட்ட வயர்களைத் தொடவே வேண்டாம்.

மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கவும் ஒரு வழி இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள். எலி கடிக்காத இடத்தில் ஒரு வயரை விரலில் சுற்றி வளையுங்கள். தோல் அப்பளம்போல் நொறுங்கினால் சூட்டில் வயரிங்கே முடிந்துபோய்விட்டது, ஒட்டுப் போடுவது வீண். ஃபியூஸ் பாக்ஸுக்குப் பின்னால் வயர்கள் உருகி ஒட்டியிருந்தாலும் அப்படித்தான். அந்த நிலையில் செட்டை மாற்றச் சொல்லுங்கள். ஆனால் புது செட்டா, சென்னையில் பழைய பாகங்கள் விற்கிற புதுப்பேட்டையில் இன்னொரு பழைய வண்டியிலிருந்து கழற்றியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழையது என்றால் மாட்டுவதற்கு முன்னால் மேல் டேப்பைப் பிரித்து உள்ளே எத்தனை ஒட்டு இருக்கிறது என்று அவர் முன்னாலேயே பாருங்கள்.